இலை ஷெட்டில் நின்ற சைக்கிள்

அக்டோபர் 27, திங்கள்

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சைக்கிளையாவது கண்டுபிடித்தார்களே என்று தள்ளிக்கொண்டு வந்தேன். கையெழுத்து வாங்கிய ஏட்டு, "நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா, எங்கயாச்சும் போறதா பேச்சுவாக்குல சொன்னாரா?" என்று மறுபடியும் கேட்டார். சொல்லியிருந்தால் நான் ஏன் ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்காரப் போகிறேன்?

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், எனக்கே எது நடந்தது என்று குழம்பிவிடும் போலிருக்கிறது. இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, விடியும்போது என் கணவர் குணசீலன் இந்த கியர் சைக்கிளில் கிளம்பினார். ஞாயிறு தோறும் தேயிலைத் தோட்டத்து மண் பாதைகளில் சுற்றிவிட்டு இட்லிக்கு வந்துவிடுவார். அன்று வரவில்லை. போன் அணைந்திருந்தது. டவரை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், மலைக்கே ஒரு டவர்தான் என்றார்கள். புதன்கிழமை, எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் ஷெட்டில் சைக்கிள் கிடைத்தது. சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைத்திருந்தது. ஷெட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப். இன்ஸ்பெக்டருக்கு அது போதும். சைக்கிளை நிறுத்தினார், பஸ் ஏறினார், போய்விட்டார்.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். முந்தின இரவு சண்டை என்று நான்தான் சொன்னேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. சண்டையில் நான் கடைசியாக என்ன சொன்னேன் என்பது அவருக்கும் தேவையில்லை, இங்கேயும் தேவையில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. மின்வாரிய ஆபீசில் நாள் முழுக்க போனில் "கரண்ட் எப்ப வரும்?" தெரியாது என்று சொன்னால் திட்டுகிறார்கள்.

அக்டோபர் 30, வியாழன்

பால்காரர் வாசலில் நின்று, "சார் பத்தி ஏதாவது தகவல் உண்டுங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"அவனுக்கென்ன குறைச்சல்? எவ கூடயோ சொகமா இருக்கான். வரட்டும், விளக்குமாத்த எடுத்துக்கிட்டு நிக்கிறேன்."

பெற்ற மகனைப் பற்றி இப்படிப் பேசும் மாமியார் எனக்கு வாய்த்திருக்கிறார். பேப்பர் போடுபவனிடம் சொல்கிறார், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவனிடம் சொல்கிறார். கோயிலில் யாரோ, "ராகு சரியில்லையோ என்னவோ, ஜோசியம் பாருங்களேன்" என்றதற்கு, "ஓடிப்போன கழுதைக்கு எதுக்கு ஜோசியம்?" என்று எழுந்து வந்துவிட்டாராம். எனக்காகத்தான் பேசுகிறார் என்று ஊர் மெச்சுகிறது. எனக்கும் ஆறுதலாகத்தான் இருக்கிறது.

போனவர் பிரஷர் மாத்திரையை எடுத்துக்கொண்டு போகவில்லை. படிக்கிற கண்ணாடியும் மேசை மேலேயே இருக்கிறது. புதியவள் வாங்கித் தருவாள்.

அவர் நம்பருக்கு ஒருமுறை அடித்துப் பார்த்தேன். என் போன் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான்.

நவம்பர் 1, சனி

சைக்கிளை விற்றுவிடப் போகிறேன். வாசலில் அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் உள்ளே போய் வருவது? கல்யாணமான புதிதில் அதை அவருடைய சின்னவீடு என்று கிண்டல் செய்வேன். அப்போது பழைய விலைக்கு எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார். எனக்குப் புடவை எடுக்க வந்தால் கடை வாசலில் நின்று கொட்டாவி விடுகிற மனிதர், அதற்கு ஒரு செயின் வாங்க கோயம்புத்தூர் வரை போவார். சின்னவீடு என்று நான் சொன்னால் சிரிப்பார். கடைசி இரண்டு மாதத்தில் அந்தக் கிண்டலை நான் விட்டுவிட்டேன், ஏனென்றால் நிஜமாகவே ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்தது தேங்காய் எண்ணெயால். அடுப்புக்குப் பக்கத்தில், உறையாமல் இருக்கட்டும் என்று நான் வைக்கும் பாட்டில் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தது. நாற்பத்து மூன்று வயதில், நடுத்தலை வழுக்கையான மனிதருக்கு எதற்கு இவ்வளவு எண்ணெய்? கையெல்லாம் அந்த வாசனை. பின்கட்டுக்குப் போய் மெதுவான குரலில் போன். "வந்ததும் சொல்லு. வீட்டு நம்பருக்குக் கூப்பிடாதே" என்று ஒருநாள் என் காதாலேயே கேட்டேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பக்கத்து வீட்டு ஜீப்பில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு குன்னூர் போனேன். கியர் சைக்கிள் பார்க்கிறவர் நவ்ஷாத் என்று ஒருவர்தான். கடையில் எந்நேரமும் பாட்டு ஓடுகிறது, அதற்கு மேல் அவர் பேசுகிறார். சைக்கிளைப் பார்த்ததும், "இது குணா அண்ணன் வண்டியாச்சே!" என்றார். நான் யாரென்று சொன்னேன். பாட்டை நிறுத்தினார், ஆனால் இவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினார். டக் டக் என்றது.

"பாத்தீங்களாக்கா? இதுதான் சஸ்பென்ஷன் ஃபோர்க். முன்வீலைப் புடிச்சிருக்குதே, இந்த ரெண்டு காலு. கல்லு மேல ஏறினா அமுங்கி எந்திரிக்கணும். உள்ள இருக்கிற வளையம், புஷ்ஷு, தேஞ்சுபோய் ஆடுது. சீல் வெடிச்சு எண்ணெய் கசிஞ்சிருக்கு. காலு மேல பளபளப்பே இல்ல பாருங்க. இதை எவன் வாங்குவான்?"

"அப்ப என்ன பண்றது?"

"ரெண்டு வழி. ஃபோர்க்கைக் கழட்டிக் கடாசிட்டு ஸ்பிரிங் இல்லாத சாதா ஃபோர்க் மாட்டலாம். இல்ல, இதையே பிரிச்சு சீல், புஷ் மாத்தலாம். எப்படியும் வீல் கோணியிருக்கு, அதையும் எடுக்கணும்."

விற்கிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு? சாதா ஃபோர்க்கே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். "பிரிச்சுப் பாருங்க" என்று சொன்னேன். நல்ல விலைக்குப் போகட்டும் என்றுதான்.

நவம்பர் 2, ஞாயிறு

விடியும்போதே விழிப்பு வந்துவிட்டது. வாசல் காலியாக இருந்தது. நிம்மதி என்று சொல்ல வேண்டும்.

இட்லி மாவு அதிகமாகிவிட்டது. ஆள் கணக்கு இன்னும் கைக்குப் பழகவில்லை.

நவம்பர் 5, புதன்

ஆபீசில் கூடப் பிறந்தவள் மாதிரி பழகுகிற பெண், "அக்கா, தாலியைப் போட்டுக்கிட்டு எதுக்கு, கழட்டி வெச்சிருங்க" என்கிறாள். தைரியம் சொல்கிறாளாம். நான் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். கோபம். அவ்வளவுதான்.

நவம்பர் 8, சனி

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் நவ்ஷாத் போன் செய்தார். "அக்கா, ஒரு விஷயம் காட்டணும், நேர்ல வாங்க" என்றார். பஸ்ஸில் போனேன். ஃபோர்க்கைப் பிரித்துப் பலகை மேல் பேப்பர் விரித்து வைத்திருந்தார்.

"ஒரு காலு அமுங்குது, இன்னொரு காலு கல்லாட்டம் நிக்குது. என்னடா இதுன்னு பிரிச்சா, உள்ள பாருங்க."

குழாய்க்குள் வெள்ளையாக, கட்டியாக அடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நோண்டி என் முன்னால் வைத்தார். அது என்ன என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசனையே சொன்னது.

"தேங்காயெண்ணெய்க்கா! குணா அண்ணனுக்கு மூளை எங்க போச்சு? சீல் காய்ஞ்சு கிறீச்சுனு சத்தம் போடுதுன்னு சொன்னாரு. சாமான் வர்ற வரைக்கும் ஓட்டாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். எண்ணெய் ஊத்தி ஓட்டியிருக்காரு. மத்தியான வெயில்ல வழவழன்னு போயிருக்கும். இந்த ஊர்ல விடியக்காலைல எண்ணெய் உறைஞ்சுரும்ல? மேட்டுல ஏறும்போது ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. எறக்கத்துல ஒரு காலு அமுங்கி ஒரு காலு அமுங்கலேன்னா..."

அங்கே நிறுத்திக்கொண்டார். நான் வேறொன்றைக் கேட்டேன்.

"என்ன சாமான்?"

அலமாரியிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தார். கறுப்பு ரப்பர் வளையங்கள், புஷ். "பழைய மாடலுக்கா, எங்கயும் கிடைக்கல. ரெண்டு மாசமா தேடி பெங்களூர்லருந்து வரவெச்சோம். தினம் போன் பண்ணிக் கேப்பாரு. வீட்டு நம்பருக்கு மட்டும் கூப்பிட்டுறாதேன்னுவாரு. திரும்பவும் சைக்கிளுக்குச் செலவான்னு உங்களுக்குக் கோவம் வருமாமே. பெட்டி வந்து கிடக்குது, ஆளைக் காணோம். வேற கடைக்குப் போயிட்டாருன்னு நெனச்சு நானும் கோவமா இருந்தேன். நேத்துதான் பக்கத்துக் கடையில விஷயத்தைச் சொன்னாங்க."

கடைக்கு வெளியே வந்து நின்றேன். சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. ஒருத்தியும் இல்லை. என் பாட்டிலைத் திருடி சைக்கிளுக்கு ஊற்றியிருக்கிறார், கூறு கெட்ட மனிதர்! பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு மாதிரி பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அத்தை, யாரும் இல்லை அத்தை. எண்ணெயெல்லாம் சைக்கிளுக்குள்ள இருக்கு. அவர் அப்படிப்பட்டவர் இல்லை."

அத்தையின் முகம் மலரும் என்று பார்த்தேன். அவர் முறத்திலிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எவளோ இருக்கா கண்ணு" என்றார்.

"இல்லை அத்தை, நான் என் கண்ணால..."

"இருக்கணும்" என்றார். "எவளாச்சும் ஒருத்தி இருக்கணும்."

முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒருத்தியும் இல்லையென்றால், அவர் எங்கே?

நவம்பர் 9, ஞாயிறு

கடவுளே, ஒருத்தி இருக்கட்டும். அழகாக இருக்கட்டும், இளசாக இருக்கட்டும். திருப்பூரிலோ எங்கேயோ ஒரு வாடகை வீட்டில் அவரை உட்கார வைத்துச் சோறு போடட்டும். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன். எண்ணெய் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வண்டி ரிப்பேர் ஆயிருக்கு, தள்ளிக்கிட்டு வந்து ஷெட்ல நிறுத்திட்டு பஸ் ஏறியிருக்காரு. நாங்க சொல்றதுதானேம்மா சரியாகுது?" என்றார். ஒரு நிமிஷம் அவரைக் கும்பிடலாம் போல இருந்தது. சரியாகட்டும், சார். நீங்கள் சொல்வதே சரியாகட்டும்.

ஆனால் இட்லிக்கு வருகிற மனிதர், வண்டி கெட்டுப் போனால் எனக்குப் போன் செய்து ஜீப் அனுப்பு என்று உயிரை வாங்குகிறவர். சென்ற வருஷம் பஞ்சருக்கே அப்படிச் செய்தார். சண்டை போட்ட மறுநாள் என்றாலும் செய்வார். ரோஷம் என்ற ஒன்று அந்த மனிதருக்குக் கிடையாது.

ஸ்டேஷனிலிருந்து ஷெட்டுக்குப் போனேன். லீவு நாள், ஒரு ஈ காக்கை இல்லை. சுவரைத் தடவிப் பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

நவம்பர் 10, திங்கள்

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு காலையிலேயே ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் முதல் நிறுவைக்கு மூட்டையோடு வந்தார்கள். "போன மாசம் இங்க ஒரு சைக்கிள் நின்னுதே, அதை நிறுத்தினவரை யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டேன். முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஐம்பது வயது இருக்கும் ஒருவர், சிகப்பாயி என்று பெயர், மூட்டையை இறக்கிவிட்டு வந்தார்.

"யாரும் நிறுத்தலீங்க. நாங்கதான் தூக்கியாந்து வெச்சோம்."

"எங்கருந்து?"

"கீழ ஆறாம் நம்பர் தேயிலக் காட்டுலருந்துங்க. திங்கக்கெழம வேலைக்குப் போறப்ப வளைவுல பாதைக்குக் குறுக்க கெடந்துச்சு. எல லாரி வந்தா ஏத்திப்புடும்ல? நாங்க மூணு பேரும் தூக்கிக்கிட்டு வந்தோம். ஒரே சேறு. இடுப்புல கட்டுற படுதாவ வெச்சுத் தொடச்சு, செவுத்துல சாச்சு வெச்சோம்."

இங்கே அதுதான் வழக்கமாம். குடையோ, கத்தியோ, செருப்போ, பாதையில் எது கிடந்தாலும் ஷெட்டுக்குக் கொண்டு வந்து வைத்துவிடுவார்கள். தொலைத்தவர் தேடிக்கொண்டு நேராக இங்கேதான் வருவார். மண்ணோடு வைத்தால் மரியாதை இல்லை என்று துடைத்தும் வைப்பார்கள்.

"போலீஸ்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்கள யாருங்க கேட்டா? சூப்பர்வைசரத்தான் கேட்டாங்க. அவரு திங்கக்கெழமலேருந்து இங்க நிக்குதுன்னாரு, அது நெசந்தான. ஞாயித்துக்கெழமைன்னா டவுன் பயலுக வந்து போட்டோ புடிச்சுட்டு எதையாச்சும் போட்டுட்டுப் போவானுங்க, அப்படின்னு இருந்தோம். போலீசு எடுத்துக்கிட்டுப் போகவும் சொந்தக்காரர்ட்ட சேந்துருச்சுன்னு நெனச்சோம்." என் கழுத்தைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "அந்த ஓடிப்போ... நீங்க அவுங்க வீட்டம்மாவா?"

தலையாட்டினேன். சிகப்பாயி வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ தாயீ, நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சோம்" என்றார். கூட இருந்த இரண்டு பெண்களும் அழ ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது திட்ட வேண்டும் போல வெறியாக இருந்தது, ஆனால் அந்தப் பெண்களை எப்படித் திட்டுவது? சைக்கிளைத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அதற்கு மேலே செங்குத்தான இறக்கம். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் புதர் மண்டிய சரிவு. கீழே ஓடை இரைகிறது, தெரியவில்லை. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. குணா, குணா என்று தொண்டை கட்டும் வரை கூப்பிட்டேன். சிகப்பாயி என் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் இறங்கிவிடுவேன் என்று பயந்திருப்பார்.

நவம்பர் 11, செவ்வாய்

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். மழை. கயிறு கட்டி இறங்கி, ஏறி, இறங்கி, மத்தியானத்தோடு நிறுத்திவிட்டார்கள். இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அத்தை வீட்டில் யாரிடமும் பேசவில்லை. பால்காரர் நலம் விசாரித்தபோது கூடப் பேசவில்லை.

நவம்பர் 12, புதன்

மழை நிற்கவில்லை. நவ்ஷாத் கூப்பிட்டார். ஃபோர்க்குக்குப் புது சீல், புஷ் போட்டு முடித்துவிட்டாராம். "பஞ்சாட்டம் அமுங்குதுக்கா" என்றார், பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், "உங்களுக்கு எப்ப வேணுமோ அப்ப வாங்க" என்றார். விற்க வேண்டாம் என்று சொன்னேன். இல்லை, விற்றுவிடுங்கள் என்றேன். மறுபடி வேண்டாம் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் சரிக்கா என்றார்.

அந்த சனிக்கிழமை ராத்திரி, சண்டையின் முடிவில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் சிரிப்பு. எனக்கு அது கள்ளச் சிரிப்பாகத் தெரிந்தது.

நவம்பர் 14, வெள்ளி

நேற்று காலை மழை விட்டது. பதினோரு மணிவாக்கில் கீழேயிருந்து விசில் அடித்தார்கள்.

மேலே கொண்டு வந்து வளைவில் வைத்தார்கள். தார்ப்பாயால் மூடியிருந்தது. வீட்டிலேயே இருக்கச் சொல்லியும் கேட்காமல் அத்தையும் வந்திருந்தார். சிகப்பாயி அவரைத் தாங்கிக்கொண்டு நின்றார். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று தீயணைப்புக்காரர் மெதுவாகச் சொன்னார். ஒரு கை மட்டும் வெளியே தெரியும்படி விலக்கினார்கள். நீலச் சட்டையின் முழங்கைக் கிழிசலைப் பழுப்பு நூலில் தைத்திருந்தது. நீல நூல் தீர்ந்துவிட்டது என்று நான் தைத்தது.

"இவர்தானாம்மா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ஒரு மாதமாக ஊர் என்னைப் புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்று பார்த்த பார்வை முழுவதும் நினைவுக்கு வந்தது. அது எவ்வளவு நல்ல பார்வை! ஆயுசுக்கும் அதை வைத்துக்கொள்ள நான் தயார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் எங்கோ ஓர் ஊரில் எவளோடோ இருப்பார்.

"தெரியலை சார்" என்றேன்.

"நல்லாப் பாருங்கம்மா."

"இந்த மாதிரி சட்டை ஊர்ல எத்தனையோ பேர்கிட்ட இருக்கு. இது அவர் இல்லை."

ஏட்டு குனிந்துகொண்டார். அத்தை சிகப்பாயியின் கையை விலக்கிவிட்டு வந்து ஈர மண்ணில் உட்கார்ந்தார். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மாதமாக ஓடிப்போன கழுதை என்றும், படுபாவி என்றும் தெருவுக்கே கேட்கும்படி திட்டிய வாய்.

"எம் பையன்தானுங்க" என்றார். "எங்கயும் போவலீங்க. இங்கயேதான் இருந்திருக்கான்."